கணித உண்மைகள் நாம் செய்துகொண்ட ஏற்பாடா? நான்கு பதில்களில் எதை எடுத்துக்கொள்வது

மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "அது விதி, மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதுதான். யார் போட்ட விதி? மாற்றிப் போட்டிருக்கலாமா? பிள்ளை இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் ஆசிரியர் தத்துவத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். கணிதத்திலும் தருக்கத்திலும் உண்மை என்று சொல்லப்படுபவை மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடா, அல்லது நம்மைக் கேட்காமலே அப்படி இருப்பவையா?

கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இதற்கு நான்கு கனமான பதில்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஏற்பாடு என்பது ஒன்று. எல்லாம் நமக்கு வெளியே, நம்மைச் சாராமல் இருக்கிறது என்பது இன்னொன்று. மனித மனம் கட்டியெழுப்பியது என்பது மூன்றாவது. இயற்பியல் போலவே இதுவும் உலகத்தைப் பற்றிய நம் மொத்த அறிவின் ஒரு பகுதி என்பது நான்காவது. கணக்குச் சொல்லித்தருபவர்களும், கணினியில் நிரூபணம் எழுதுபவர்களும், "எல்லாமே மனுஷன் வச்சதுதானே" என்ற பேச்சை அடிக்கடி கேட்பவர்களும் இவற்றில் ஒன்றின் பக்கம் நின்றாக வேண்டியிருக்கிறது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எண் கணிதத்திலும் தருக்கத்தின் அடித்தளத்திலும் ஏற்பாடு என்ற பதில் நிற்காது. கணங்களைப் பற்றிய கணக் கோட்பாட்டின் (set theory) மேல்மாடிகளில் மட்டும் அதற்கு நியாயம் இருக்கிறது.

முதலில் சண்டை இல்லாத பகுதி. 1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் நாடே சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஏற்பாடு என்றால் இதுதான்: வேறு மாதிரியும் இருந்திருக்கலாம், எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும், மாற்றினால் மாறிவிடும். கணிதத்தில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. பன்னிரண்டை ௰௨ என்று எழுதினார்கள், நாம் 12 என்கிறோம். குறி மாறினாலும் ஏழும் ஐந்தும் சேர்ந்தால் வருவது மாறவில்லை.

இதைவிடச் சுவையானது 1 என்ற எண்ணின் கதை. இன்று 1 பகா எண் கிடையாது. ஆனால் 1742-இல் கோல்ட்பாக், ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் 1-ஐயும் பகா எண்ணாகவே எண்ணினார். 1914-இல் லேமர் வெளியிட்ட பகா எண் அட்டவணையிலும் 1 இருந்தது. 1-ஐச் சேர்த்தால், ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே விதமாகத்தான் எழுத முடியும் என்ற தேற்றம் தொல்லை தருகிறது. 12-ஐ 2×2×3 என்றும் எழுதலாம், 1×2×2×3 என்றும் எழுதலாம். அதனால் கணித உலகம் மெல்ல 1-ஐ வெளியே வைத்தது. இது சுத்தமான ஏற்பாடு.

ஆனால் அதோடு ஒட்டி நடந்த இன்னொன்றைப் பாருங்கள். 2-க்கு மேற்பட்ட ஒவ்வொரு முழு எண்ணும் மூன்று பகா எண்களின் கூட்டல் என்பது கோல்ட்பாக் சொன்ன ஊகம். 1-ஐ நீக்கிவிட்டால் அது தவறாகிவிடும், ஏனென்றால் மூன்று பகா எண்களைக் கூட்டினால் குறைந்தது 2+2+2, அதாவது 6 வந்துவிடும். எனவே இன்று "5-க்கு மேற்பட்ட" என்று எழுதுகிறோம். 1-ஐ நீக்கியது நம் விருப்பம். அப்படி நீக்கியபின் 2 என்ற எல்லையை 5-க்கு நகர்த்தியது யார் விருப்பமும் இல்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாடு கட்டுரை முழுக்கக் கூடவே வரும்.

சரி, ஏற்பாட்டுவாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். அது சாதாரண வாதமில்லை. ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு என்று சொல்லும் யூக்ளிடின் இணைகோட்டு அடிகோள் (நிரூபிக்காமலே ஏற்கும் தொடக்கக் கூற்று) இரண்டாயிரம் ஆண்டுகள் அசைக்க முடியாத உண்மையாகவே கருதப்பட்டது. 1829-இல் லொபாசெவ்ஸ்கியும் 1832-இல் போயாயும் அதை மறுத்தே ஒரு முழு வடிவியலைக் கட்டிக் காட்டினார்கள். அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாக வரும். எந்த உள்முரணும் தலைகாட்டவில்லை. அப்படியானால் எந்த வடிவியல் உண்மையானது? 1902-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் போன்கரே சொன்ன பதில்: அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. வடிவியலின் அடிகோள்கள் மாறுவேடம் போட்ட வரையறைகள். மெட்ரிக் அளவை உண்மையா, பழைய அளவைகள் உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, எது வசதி என்றுதான் கேட்கிறோம். வடிவியலும் அப்படித்தான் என்றார்.

வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவைச் சேர்ந்த கார்னாப் இதைத் தருக்கத்துக்கே நீட்டினார். 1934-இல் அவர் முன்வைத்த சகிப்புக் கொள்கையின் சாரம், தருக்கத்தில் ஒழுக்கக் கட்டளை ஏதும் கிடையாது, அவரவர் தமக்கு வேண்டிய மொழியைக் கட்டிக்கொள்ளலாம், விதிகளைத் தெளிவாகச் சொன்னால் போதும் என்பது. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கணிதம் ஏன் சோதனைச்சாலை இல்லாமலே உறுதியாகத் தெரிகிறது? நாம் போட்ட விதி என்பதால்தான். எண்கள் எங்கே இருக்கின்றன? எங்கும் இருக்கத் தேவையில்லை. மர்மம் என்று ஒன்றும் மிச்சமில்லை. இந்தச் சுத்தம் என்னையும் வெகுகாலம் ஈர்த்திருக்கிறது.

மைனஸ் கணக்கை இங்கே வைத்துப் பார்க்கலாம். −1-ஐ, 1+(−1) என்பதோடு பெருக்குங்கள். அடைப்புக்குள் இருப்பது பூஜ்யம், எனவே விடையும் பூஜ்யம். பங்கீட்டுப் பண்பின்படி பிரித்தால் ஒரு பகுதி −1, இன்னொரு பகுதி (−1)×(−1). இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்றால் இரண்டாவது +1 ஆகத்தான் இருக்க முடியும். பங்கீட்டுப் பண்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நம் கையில். வைத்துக்கொண்டபின் விடை நம் கையில் இல்லை. "விதி, மனப்பாடம் பண்ணு" என்ற பதில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் அது மோசமான பதில்.

சட்டம் போட்டே கணிதத்தை மாற்றப் பார்த்த சம்பவமும் உண்டு. 1897-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சட்டமன்றத்தில் 246 என்ற எண்ணுள்ள மசோதா வந்தது. வட்டத்தைச் சதுரமாக்கும் வழியைக் கண்டுவிட்டதாக நம்பிய ஒரு மருத்துவர் கொடுத்தது. அதிலுள்ள கணக்கின்படி பையின் மதிப்பு 3.2 ஆகிவிடும். கீழவை 67-க்கு 0 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியே விட்டது. பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டோ தற்செயலாக அங்கே வந்திருந்து உறுப்பினர்களுக்கு விளக்கியதால் மேலவை அதைக் காலவரையின்றித் தள்ளிவைத்தது. மேலவையும் நிறைவேற்றியிருந்தால்? சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லருக்கு இரும்பு பழையபடியே தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் இந்த உதாரணத்தோடு கார்னாப்பை மடக்கிவிட்டதாக நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம், அதன் விளைவுகள் தாமாக வருகின்றன என்பதுதான் அவர் சொன்னது. எனவே நாம் தோண்ட வேண்டிய இடம் அந்த "தாமாக வருகின்றன" என்பதுதான்.

இங்கே எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று ராமானுஜனிடமிருந்து வருகிறது. ஓர் எண்ணை எத்தனை வழிகளில் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது கேள்வி. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழிகளில் பிரிக்கலாம். வரிசை மாறினால் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வரையறை முழுக்க நம் ஏற்பாடு. கணிதவியலாளர் மக்மஹோன் 200 வரையான எண்களுக்கு இந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜனின் கண்ணில் ஒன்று பட்டது. 4, 9, 14, 19, 24 ஆகியவற்றுக்குரிய எண்ணிக்கைகள் 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தால் வகுபடுகின்றன. 4-லும் 9-லும் முடியும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என்று 1919-இல் நிரூபித்தார். பிரிப்பது பற்றிய வரையறையில் ஐந்து என்ற பேச்சே இல்லை. யாரும் ஐந்தை உள்ளே வைக்கவில்லை.

அத்தோடு அவர் நிற்கவில்லை. 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் இதே போன்ற ஒழுங்கு உண்டு என்று ஊகித்தார். அந்த ஊகத்தின் ஒரு பகுதி: ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி 343-ஆல் வகுத்தால் மீதி 1 வருமானால், அந்த எண்ணின் பிரிப்பு எண்ணிக்கை 343-ஆல் வகுபடும். 343 என்பது 7×7×7. ராமானுஜன் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1934-இல், ஹன்ஸ்ராஜ் குப்தா நீட்டிப் போட்ட அட்டவணையில் சௌலா 243 என்ற எண்ணைப் பார்த்தார். 243×24 என்றால் 5832, அதை 343-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் அதன் பிரிப்பு எண்ணிக்கை 13,39,78,25,93,44,888. இது 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. 7-இன் அடுக்குகளுக்கான கூற்றைத் திருத்தி, திருத்திய வடிவத்தை 1938-இல் வாட்சன் நிரூபித்தார்.

மக்மஹோனின் அட்டவணை 200-இல் நின்றுவிட்டது, 243 அதற்கு வெளியே. எனவே ராமானுஜனால் அந்த எண்ணைப் பார்த்திருக்கவே முடியாது. வரையறையை ஏற்ற எவருக்கும் அது தெரியாது. அந்த ஊகம் தவறு என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை. ஆனாலும் அது 1919-இலேயே தவறாகத்தான் இருந்தது. ஏற்பாடு எதுவும் தான் செய்தவர்களுக்கே தெரியாமல் இப்படி ஒளிந்திருந்து அவர்களைப் பொய்யாக்குவதில்லை. சாலையில் எந்தப் பக்கம் போவது என்பதில் ஒரு நாடு முழுவதும் சேர்ந்து "தவறாக" இருக்க முடியாது.

"அதுவும் விதிகளுக்குள் அடங்கியதுதான்" என்று ஏற்பாட்டுவாதி விடாமல் சொல்லலாம். அந்தப் பதிலை உடைத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி குவைன், 1936-இல் எழுதிய ஒரு கட்டுரையில். அவருடைய வாதத்தின் வேர் 1895-இல் லூயிஸ் கரோல், மைண்ட் இதழில் எழுதிய ஆமை, அக்கிலீஸ் உரையாடலில் இருக்கிறது. அதை என் உதாரணத்தோடு சொல்கிறேன். "4-ஆல் வகுபடும் எண்கள் எல்லாம் 2-ஆல் வகுபடும்." "36, 4-ஆல் வகுபடும்." ஆமை இரண்டையும் ஏற்கிறது. "அப்படியானால் 36, 2-ஆல் வகுபடும் அல்லவா?" என்றால், "அதை நான் ஏன் ஏற்க வேண்டும்?" என்கிறது. சரி, புதிய விதியாகவே எழுதிவிடலாம்: "முதல் இரண்டும் உண்மை என்றால் மூன்றாவதும் உண்மை." ஆமை அதையும் சந்தோஷமாக ஏற்கிறது. "இப்போது மூன்று கூற்றுகளை ஏற்றுக்கொண்டேன். அதனால் 36 பற்றிய கூற்றை ஏன் ஏற்க வேண்டும்?" இன்னொரு விதி, அப்புறம் இன்னொரு விதி, இதற்கு முடிவே இல்லை.

தருக்க உண்மைகள் எண்ணிலடங்காதவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்பாடு செய்ய முடியாது, பொது விதி போட்டுத்தான் செய்ய வேண்டும். பொது விதியிலிருந்து ஒரு குறிப்பிட்ட கூற்றுக்கு வருவதற்குத் தருக்கம் வேண்டும். ஆக, தருக்கத்தை ஏற்பாட்டிலிருந்து பெறுவதற்கு முன்பே தருக்கம் கையில் இருக்க வேண்டும். இந்த வாதத்துக்கு நல்ல மறுப்பு ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படியிலும் நாம் புதிதாகவே முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிடலாம். தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் பிற்கால எழுத்துகளை அப்படி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1939-இல் கேம்பிரிட்ஜில் அவர் எடுத்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்த கணிதவியலாளர் ட்யூரிங், கணிப்பில் முரண்பாடு இருந்தால் பாலம் இடிந்து விழலாம் என்று வாதாடினார். நான் ட்யூரிங் பக்கம். படிக்குப் படி நம் முடிவுதான் என்றால், 243 பற்றிய அட்டவணையைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தது வெறும் தற்செயலாகிவிடும்.

தருக்கவியலாளர் கோடெல் இன்னொரு பக்கத்திலிருந்து தாக்கினார். கார்னாப்பைப் பற்றிய தொகுப்பு ஒன்றுக்காக 1950-களில் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டு, ஆறு வடிவங்கள் எழுதியும் கடைசியில் கொடுக்கவில்லை. அது அவர் இறந்தபின் 1995-இல்தான் அச்சானது. அவர் கேட்டது இதுதான்: உங்கள் விதிகளுக்குள் முரண்பாடு இருந்தால் அவற்றிலிருந்து எதை வேண்டுமானாலும் வருவிக்கலாம், இன்று மழை பெய்தது என்பதைக்கூட. அப்போது அது வெறும் மொழி ஏற்பாடாக இருக்காது, உலகத்தைப் பற்றிப் பொய் சொல்லும். எனவே முரண்பாடு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய 1931 தேற்றத்தின்படி, போதிய பலமுள்ள எந்த அமைப்பும் தன் முரணின்மையைத் தன்னைக் கொண்டே நிரூபிக்க முடியாது, அதற்கு வெளியேயிருந்து கணிதம் வேண்டும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃப்ரேகே தன் வாழ்நாள் உழைப்பான 'எண் கணிதத்தின் அடிப்படை விதிகள்' நூலின் இரண்டாம் தொகுதியை அச்சுக்குக் கொடுத்திருந்த நேரத்தில், 1902 ஜூனில், ரஸ்ஸலின் கடிதம் வந்தது. ஃப்ரேகே கவனமாக எழுதிய ஒரு விதியிலிருந்து முரண்பாடு பிறப்பதை அது காட்டியது. அந்த விதியை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அப்படியானால் இரண்டாவது பதிலுக்குப் போய்விடலாமா? எண்கள் நம்மைச் சாராமல் இருக்கின்றன, நாம் கண்டறிகிறோம் என்பது ஃப்ரேகேயும் கோடெலும் எடுத்த நிலை. ராமானுஜன் ஊகம் தவறானதை இது அழகாக விளக்குகிறது. ஆனால் 1973-இல் தத்துவவாதி பெனசெராஃப் கேட்ட கேள்வியிலிருந்து அதனால் தப்பிக்க முடியவில்லை. எண்கள் இடத்திலும் காலத்திலும் இல்லை, நம்மைத் தொடுவதும் இல்லை. அப்படியானால் அவற்றைப் பற்றி நமக்கு எப்படித் தெரிகிறது? கோடெல் ஒருவகை அகக்காட்சியைப் பற்றிப் பேசினார். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை, கேள்விக்கே வைத்த இன்னொரு பெயராகத்தான் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடையில் இன்னோர் அளவு உண்டா என்ற கேன்டரின் கேள்விக்கு, வழக்கமான கணக் கோட்பாட்டின் அடிகோள்களால் ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. அதில் ஒரு பாதியை 1938-இல் கோடெலும் மறுபாதியை 1963-இல் கோஹனும் காட்டினார்கள். எங்கோ ஒரு சரியான விடை காத்திருக்கிறது என்று கோடெல் கடைசிவரை நம்பினார். இந்த ஓர் இடத்தில் நான் கார்னாப் பக்கம் சாய்கிறேன். இணைகோட்டு அடிகோளில் நடந்தது போலவே, இரண்டு வகைக் கணக் கோட்பாடுகளையும் வைத்துக்கொள்வதில் எந்த நஷ்டமும் இல்லை. இங்கே தேர்வு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்கிறது.

மூன்றாவது பதில் டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவருடையது. கணிதம் மனத்தின் கட்டுமானம், கட்டிக் காட்டாததை இருக்கிறது என்று சொல்லக் கூடாது. 1908-இல் அவர் நடுநிலை இல்லை என்ற விதியையே, அதாவது எந்தக் கூற்றும் உண்மை அல்லது அதன் மறுப்பு உண்மை என்பதையே கேள்விக்கு உட்படுத்தினார். அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது ஓர் உதாரணத்தில் விளங்கும். விகிதமுறா எண்ணை விகிதமுறா எண்ணின் அடுக்காக்கினால் விகிதமுறு எண் வர முடியுமா? √2-இன் √2-ஆவது அடுக்கை எடுங்கள். அது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதையே மறுபடி √2-ஆவது அடுக்காக்குங்கள், 2 வரும். எப்படியும் விடை ஆம். ஆனால் இரண்டில் எது என்று இந்த நிரூபணம் சொல்லவே இல்லை. ப்ரௌவர் இதை ஏற்க மாட்டார். (முதல் எண் விகிதமுறாததுதான் என்பது 1934-இல் வந்த கெல்ஃபாண்ட், ஷ்னைடர் தேற்றத்திலிருந்து தெரியும். அது தனிக் கதை.) இந்த விதியைப் பிடுங்குவது குத்துச்சண்டைக்காரரின் முஷ்டியைப் பிடுங்குவது போல என்று மரபுக் கணிதத்தின் பக்கம் நின்ற ஹில்பர்ட் கொதித்தார்.

தருக்கத்திலேயே இரண்டு கட்சி இருக்கிறது என்றால் அது ஏற்பாடுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆமை ஏற்க மறுத்த அந்தப் படியை இரண்டு கட்சியும் ஏற்கின்றன. ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் சேர்த்து ஏற்க முடியாது என்பதையும் இரண்டும் ஏற்கின்றன. அதோடு 1933-இல் கோடெலும் கெண்ட்சனும், மரபு எண் கணிதத்தின் ஒவ்வொரு தேற்றத்தையும் ப்ரௌவர் தரப்பு ஏற்கும் கூற்றாக மாற்றி எழுதலாம் என்று காட்டினார்கள். சண்டையின் பெரும்பகுதி "இருக்கிறது" என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பதில்தான்.

நான்காவதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1951-இல் குவைன், கணிதமும் தருக்கமும்கூட அனுபவத்தின் முன் மற்ற அறிவோடு சேர்ந்துதான் நிற்கின்றன, தேவைப்பட்டால் அவற்றையும் திருத்தலாம் என்றார். இயற்பியலுக்கு நெருக்கமான கணிதத்தை இது நன்றாக விளக்கும். ஆனால் பிரிப்பு எண்ணிக்கை ஐந்தால் வகுபடுவதை எந்தச் சோதனைச்சாலை உறுதிசெய்ய வேண்டியிருந்தது? தானே உடைத்த ஏற்பாட்டுவாதத்துக்குப் பதிலாக அவர் வைத்தது, உடைத்த வாதத்தின் அளவுக்குக் கூர்மையானது இல்லை என்பது என் எண்ணம்.

ஆக என் முடிவு ஒன்றாக இல்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது. வகுப்பறையில் நிற்பவருக்கு, எது தேர்வு, எது அந்தத் தேர்வின் கட்டாய விளைவு என்று பிரித்துச் சொல்லும் நிலைதான் சரி. 1 பகா எண்ணா என்பதையும், பூஜ்யத்தின் காரணீயப் பெருக்கம் 1 என்று ஏன் வைத்தோம் என்பதையும் தேர்வு என்றே சொல்லிக் காரணமும் சொல்ல வேண்டும். மற்றதை நிரூபித்துக் காட்ட வேண்டும். எண் கணிதத்தில் உண்மை நம்மைச் சாராதது என்று தயங்காமல் சொல்லலாம். எண்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை இல்லாமலே அதைச் சொல்ல முடியும்.

லீன் போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் வேலை செய்பவருக்குத் தேர்வு இன்னும் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு தேற்றம் எந்தெந்த அடிகோள்களின் மேல் நிற்கிறது என்று பட்டியலிட லீனில் ஒரு கட்டளையே உண்டு. நடுநிலை இல்லை என்ற விதி அங்கே தேர்வு அடிகோள் (axiom of choice) என்ற பெயருள்ள ஓர் அடிகோளிலிருந்து வருவிக்கப்படுகிறது. விடையைக் கணித்துத் தரும் நிரல் வேண்டும் என்றால் அந்த அடிகோளைத் தொடாமல் ப்ரௌவர் வழியில் எழுதுவது லாபம். தேற்றம் உண்மையா என்பது மட்டும் போதும் என்றால் ஹில்பர்ட் வழியில் போகலாம், நேரம் மிச்சமாகும். பட்டியலில் எந்த அடிகோளை அனுமதிப்பது என்பதை அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் கூடி முடிவு செய்யட்டும். அனுமதித்த அடிகோள்களிலிருந்து ஒரு தேற்றம் வருகிறதா என்பதை மட்டும் அவர்கள் கூடி முடிவு செய்ய முடியாது, நிரூபணத்தை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.